எங்கட மொறிஸ் திரும்பவும் ஓடுது!

சின்ன பிக்கப்புகளில் மொறிஸ் மைனரைப்போல வடிவான ஒன்றை இதுவரை ஒருவரும் செய்ததில்லை, இனிச் செய்யப்போவதுமில்லை. இதை நான் யாரோடும் நின்று வாதாடத் தயார். முன்னால் பார்த்தால் முழுக்க முழுக்கக் கார்: உருண்ட மட்காட்டுக்குள் பதித்த இரண்டு லைற், நடுவில் குறுக்குக் கம்பிக் கிறில், கொழுத்த பொனற். கதவைத் தாண்டியதும் கூடு சட்டென்று முடிந்து, பின்னால் தகரச் சுவரும் சங்கிலி கொளுவிய கதவுமாக ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் வெங்காயம் ஏற்றலாம், புகையிலைக் கட்டு ஏற்றலாம், தண்ணீர் பம்ப் ஏற்றலாம், கோயில் திருவிழாவுக்கு வாழைக்குலை ஏற்றலாம். எதை ஏற்றினாலும் வண்டிக்கு வடிவு கூடுமே தவிரக் குறையாது.

யாழ்ப்பாணத்தில் பழைய பிரித்தானியக் கார்களுக்குப் பஞ்சமில்லை. ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாவற்றையும் இன்றைக்கும் தெருவில் காணலாம். மாப்பிள்ளை ஏறுவதென்றால் அதில்தான் என்று அடம்பிடிக்கிற வீடுகளும் உண்டு. ஆனால் மைனர் பிக்கப் அபூர்வம். காரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்கள் பிக்கப்பை மட்டும் தோட்டத்து மாட்டைப்போல உழைக்கவிட்டார்கள். உழைத்து முடிந்ததும் வளவு மூலையில் விட்டார்கள். கறள் தின்றது போக மிச்சத்தைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோனார்கள். அதனால்தான் ஒன்று உயிர் தப்பி நிற்கிறதென்று கேள்விப்பட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

எங்கள் பிக்கப் பெரியப்பாவினுடையது. 948 சிசி எஞ்சின், பச்சை நிறம், பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. உரும்பிராய்ச் செம்மண்ணில் விளைந்த வெங்காயத்தையும் பீற்றூட்டையும் சுன்னாகம் சந்தையில் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது உர மூட்டையோடு வந்த வண்டி. பிறகு வடமராட்சியில் ஒரு சொந்தக்காரர் வளவில், கடலுக்குக் கிட்ட, வேப்பமரத்தின் கீழே நின்றுபோனது. உப்புக் காற்றும் மாரி மழையும் ஈரச் சருகும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன. தறப்பாளை இழுத்தபோது பெட்டித் தரையின் ஓட்டைகளால் புல் மேலே வந்திருந்தது. இடப்பக்கக் கதவின் அடித்தகடு கையோடு உதிர்ந்தது. எனக்கோ கண் அதன் முகத்தை விட்டு அகலவில்லை. லைற் இரண்டும் உடையவில்லை. பொனற் நெளியவில்லை. உள்ளே டாஷ்போட்டின் நடுவில் அந்த ஒற்றைப் பெரிய வட்ட மணிக்கூடு, வேகம் காட்டுகிற முள்ளோடு, கண்ணாடிகூடக் கீறாமல் இருந்தது. இதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக எந்த மனிசனுக்கு மனம் வரும்?

அந்தப் பொனற்றைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினியை உருவாக்கியவரும் அவர்தான். மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிகிறதென்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் அகலமாக்கினார். அந்த நாலு அங்குலம்தான் பொனற்றின் நடுவே முன்னிருந்து பின்னாக மேடாக ஓடுகிற பட்டை. பழைய பெயின்றை உரசி எடுத்தபோது அந்த மேட்டின் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டு போனேன். ஒரு வடிவமைப்பாளருடைய கடைசி நேரத்து மனமாற்றம் கைக்குத் தட்டுப்படுகிறது! வேறெந்த வாகனத்தில் இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

வானும் பிக்கப்பும் 1953இல் வந்தன. சுமை அளவு கால் தொன், அதாவது ஏறக்குறைய 254 கிலோ. பிந்திய காலத்து வண்டிகளில் அது 8 அந்தர் வரை, 400 கிலோவுக்குச் சற்று மேலே போனது. இங்கிலாந்துத் தபால் துறைக்குப் போன தொடக்ககால வான்களுக்கு முன் மட்காட்டை ரப்பரிலேயே செய்து கொடுத்தார்கள், இடித்தாலும் நெளியக்கூடாதென்று. லைற் ரப்பருக்குள் நிற்காது என்பதால் அதை மட்காட்டின் மேலே தூக்கி வைத்தார்கள். படத்தில் பார்த்தாலும் சிரிப்பும் பாசமும் சேர்ந்து வரும். 1971 வரை செய்த வான், பிக்கப் இரண்டையும் கூட்டினால் மூன்று இலட்சத்துக்கு மேல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மைனர் காருக்குத் தனிச் சேசிஸ் இல்லை. தகட்டு உடம்புதான் பாரம் முழுவதையும் தாங்குகிறது. பிக்கப்புக்கு உண்டு. கூடும் பெட்டியும் தனித்தனியாக அதன்மேல் போல்ற் பூட்டி நிற்கின்றன. கறள் பிடித்த ஒன்றை மீட்கப்போகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. போல்ற்றைக் கழற்று, பெட்டியைத் தூக்கு, கூட்டைத் தூக்கு, கீழே எலும்பு முழுவதும் கண்முன்னால். எது நல்லது, எது போய்விட்டது என்று ஒளிவுமறைவில்லாமல் தெரியும்.

ஒளிவுமறைவு இல்லையென்றேன், ஆனால் பெயின்றும் புட்டியும் ஆளை நன்றாக ஏமாற்றும். அதனால் எல்லா இடத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போகவேண்டும். நல்ல இரும்பு ‘டங்’ என்று பதில் சொல்லும். கறள் தின்ற இடம் ‘பொத்’ என்று அடங்கிவிடும். எங்கள் சேசிஸில் முன்பகுதி கடைசிவரை டங், டங். பின் ஸ்பிரிங் கட்டைகள் கொளுவியிருக்கும் இடத்துக்கு வந்ததும் சத்தம் செத்தது. அங்கேதான் சேறு போய் அடைந்து, ஈரம் காயாமல் கிடந்து, உள்ளேயிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். கூட்டின் பின்மூலை இரண்டும் அப்படித்தான். முன்கண்ணாடிக்குக் கீழே ரப்பர் பட்டிக்குள் தண்ணீர் தேங்கிய இடமும் அப்படித்தான்.

கராச்சில் எங்களுக்குத் தலைவர் ஒரு ஐயா. எழுபது கடந்தவர். வாழ்நாள் முழுவதும் ஒஸ்ரினும் மொறிசும்தான். அவர் சேசிஸுக்கு மிக் வெல்டிங் போடச் சொன்னார், கூட்டுத் தகட்டுக்கு மட்டும் காஸ் வெல்டிங்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். முதலில் எனக்குக் காரணம் தெரியவில்லை. பார்க்கப் பார்க்கத்தான் விளங்கியது. மிக் ஒட்டு கெதியாய் முடியும், ஆனால் ஒட்டு கடினமாகிவிடும், சுத்தியலுக்கு வளையாது. காஸ் ஒட்டு மெதுவாக ஆறும், மெத்தென்று இருக்கும். பின்னால் இரும்புக்கட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் தட்டித் தட்டி அதை மட்டமாக்கலாம். கூட்டின் வலப்பக்கப் பின்மூலைக்கு அவர் அப்படி ஒரு துண்டு வைத்தார். தகட்டைக் கத்தரித்து, மரக்குற்றியில் வைத்து வளைத்து, ஓரம் ஓரமாகப் பொருத்தி, சின்னச் சின்னப் புள்ளியாகப் பிடித்து, பிறகு கோடாக ஓட்டி, ஆறவிட்டுத் தட்டினார். உரசி முடிந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பார்த்தேன். பழைய தகடு எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று கைக்குப் பிடிபடவில்லை. புட்டி என்று ஒரு விரல்நுனி அளவுகூடப் பூசவில்லை! இந்தக் கை வித்தைக்கு எந்த நாட்டில் என்ன கூலி கொடுத்தாலும் தகும்.

அவர்தான் தீச்சுவரில் இருந்த அந்தக் குழாயையும் காப்பாற்றினார். எஞ்சினைக் கழற்றும்போது, கூட்டின் முன்சுவரில் ஒரு பித்தளைத் தண்ணீர்ப்பைப்பு மாதிரிச் சின்ன அடைப்பானும், அதிலிருந்து காபரேற்றர் பக்கம் வளைந்து போகிற மெல்லிய செப்புக் குழாயும் கண்ணில் பட்டன. எந்தப் படத்திலும் இல்லாத சாமான். நான் சாவியை வைத்தேன்.

“தம்பி, உதைக் கழட்டாதையும். உது கொம்பனி பூட்டினதில்லை, நாங்கள் பூட்டினது.”

“என்னத்துக்கு ஐயா?”

“மண்ணெண்ணெய்க்கு. ஸ்ராட் எடுக்கத் துளி பெற்றோல் உதாலை வரும். சூடு பிடிச்சாப் பிறகு பூட்டிப்போட்டு மண்ணெண்ணெயிலை ஓடுறது.”

1990இல் போர் திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றறிக்கும் தடை. கையில் கிடைத்த பெற்றோல் போத்தல் அளவில்தான். அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் பெற்றோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். சேலைன் போத்தல்கூட பெற்றோல் தாங்கியாகத் தொங்கியது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் இந்த எஞ்சினால் ஏன் அது முடிந்தது என்பதைக் கழற்றிப் பார்த்தபோதுதான் நான் முழுதாக உணர்ந்தேன். அன்றிலிருந்து இந்த ஏ-சீரீஸ் எஞ்சின்மேல் எனக்கு இருக்கிற மதிப்பு சொல்லி முடியாது.

மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. ஏ-சீரீஸில் காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டி இருக்கின்றன. புகைக்குழாயின் சூடு உள்ளே போகிற கலவையையும் சூடாக்கும். சூடு பிடித்தால் மண்ணெண்ணெயும் ஆவியாகும். அடுத்தது அமுக்க விகிதம். 948 எஞ்சினில் 7.2க்கு 1 என்ற குறைந்த அமுக்க வகையும் இருந்தது, எங்களுடையது அதுதான். மண்ணெண்ணெய் அமுக்கம் கூடினால் இடிக்கும். இதில் இடி குறைவு. மூன்றாவது அந்த எஸ்.யூ. காபரேற்றர். அதற்குள் ஒரு பிஸ்ரன், அதன் அடியில் நுனி மெலிந்த ஒரு பித்தளை ஊசி, ஊசி இறங்குகிற ஒரேயொரு ஜெற். எஞ்சின் கூடக் காற்றைக் கேட்டால் பிஸ்ரன் மேலே எழும்பும். ஊசியும் எழும்பும். மெலிந்த பகுதி ஜெற்றுக்குள் வருவதால் இடைவெளி கூடி எரிபொருள் கூட வரும். இவ்வளவுதான்! ஜெற்றின் அடியிலுள்ள நட்டைத் திருகினால் கலவை கூடும், குறையும். மண்ணெண்ணெய்க்கு ஒத்துப்போகவும் அந்த ஒரு நட் போதும்.

இதற்கு எஞ்சின் கொடுத்த விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதில் கூடியிருக்குமாம். அப்படித் தண்ணீராகிப்போன ஒயிலில் வருடக்கணக்காக ஓடியும் எங்கள் கிராங்க் உயிரோடு இருந்தது. லேத்தில் கொடுத்து உராய்ந்து, அளவு குறைந்த புது ஷெல் பேரிங் போட்டோம். சிலிண்டர்களைப் பெருக்கிப் புதுப் பிஸ்ரன் போட்டோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பெரியப்பா குடும்பத்தோடு அயல் வீட்டு முதியவர்களையும் ஏற்றி நாவற்குழிப் பாலம் தாண்டிய எஞ்சின் இது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் பூட்டச் சொன்னவர்கள் பலர். நல்ல எஞ்சின்கள்தான், இலங்கையில் எத்தனையோ மைனர்கள் நிசானிலும் ரொயோற்றாவிலும் ஓடுகின்றன. ஆனால் இந்த வண்டியில் இந்த எஞ்சின்தான் இருக்கவேண்டும். இதன் குதிரைவலு எனக்குத் தாராளம். சிலிண்டர் ஹெட்டில் மட்டும் ஒரு மாற்றம் செய்தோம்: இன்றைய பெற்றோலில் ஈயம் இல்லாததால் பழைய இரும்பு வால்வு இருக்கைகள் தேய்ந்துபோகும். எக்சோஸ்ட் பக்கத்துக்குக் கடின இரும்பில் புது இருக்கைகள் பதித்தோம்.

சாமான் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஐம்பதுகளில் பிறந்த வேறெந்த வண்டிக்கும் இவ்வளவு கிடைக்காது! கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் சுற்றினால் பாதி வேலை முடியும். மிச்சத்துக்கு இங்கிலாந்து இருக்கிறது. அங்கே மைனருக்கென்றே கடைகள் நடக்கின்றன, யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் லண்டனில் ஒரு சித்தப்பாவாவது இல்லாமல் போவதுமில்லை. எங்கள் சித்தப்பா ஊருக்கு வந்தபோது சூட்கேசில் சொக்கிலேற்றுக்குப் பதில் பிறேக் டிஸ்க் கொண்டுவந்தார். சித்திக்குக் கோபம், எனக்குத் தீபாவளி. இன்னொரு பெருமையும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்ரர் நடத்திய சார்ள்ஸ் வெயர், இலங்கைப் பங்காளியோடு சேர்ந்து டியூரபிள் கார் கொம்பனி என்று ஒன்றைத் தொடங்கினார். மைனருக்கான தகடுகளும் பாகங்களும் இங்கே இலங்கைக் கைகளால் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின. பிறந்த வீட்டுக்கே சீர் அனுப்பியிருக்கிறோம்!

டிஸ்க்கைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். 948 காலத்து மைனருக்கு நாலு சில்லிலும் 7 அங்குல டிரம் பிறேக். அந்தக் காலத்து வீதிக்கு அது போதும். இன்றைக்கு ஏ9இல் பின்னால் சொகுசு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகையில், முன்னால் ஓட்டோ ஒன்று சட்டென்று திரும்பினால் போதாது. மொறிஸ் மரீனாவின் டிஸ்க் மைனரின் முன்சில்லுக்குப் பொருந்தும். அதற்கென்றே கிற் செய்து விற்கிறார்கள். அதையும் ஒரு சேர்வோவையும் பூட்டினோம். மாஸ்ரர் சிலிண்டர் இருக்கும் இடம்தான் வேடிக்கை. ஓட்டுநரின் காலுக்குக் கீழே, சேசிஸுக்குள்! அதைப் பிடித்திருக்கும் நீட்டுப் போல்ற்றை இழுக்கப்போனால் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக்கம்பி குறுக்கே நிற்கும். அந்தக் கம்பியைத் தளர்த்தி இறக்கினால்தான் போல்ற் வெளியே வரும். கோபம் வரவேண்டிய வேலை. ஐயா அதைச் செய்த பதற்றமில்லாத விதத்தைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இப்போது பிறேக்கில் கால் வைத்தால் வண்டி நேராக, மூக்கு இழுக்காமல், நச்சென்று நிற்கிறது. எனக்கு இந்த மீட்பில் மிகப் பெரிய சந்தோஷம் எதுவென்று கேட்டால் பெயின்ற் அல்ல, இதுதான்.

மின்சாரத்தைத் தலைகீழாக மாற்றினோம். பழைய லூக்காஸ் முறையில் பற்றறியின் நேர்முனைதான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். டைனமோ 22 அம்பியரைத் தாண்டாது. வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அதுவும் வராது. லைற் போட்டால் ஹோர்ன் இளைக்கும். எதிர்முனையை உடம்புக்கு மாற்றி, சின்ன ஜப்பான் கார் ஒன்றின் ஒல்ரனேற்றரைப் பூட்டினோம். கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றினோம். டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள் பொயின்ற்றுக்குப் பதிலாக விரல் அகல மின்னணுத் துண்டு ஒன்று. மூடியைப் போட்டால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. மைனரின் லைற் 7 அங்குல வட்டம், உலகத்துப் பொது அளவு. அதனால் ஹலஜன் லைற் அப்படியே போய் உட்கார்ந்தது. பழைய சுவிச்சுக்கு அந்தப் பாரம் தாங்காது என்பதால் இடையில் ரிலே கட்டாயம். மறந்தும் விட்டுவிடாதீர்கள்.

முன் ஷொக்கப்சோபர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மைனரின் பழைய கைப்பிடி வகை ஷொக்கப்சோபர் அதிர்வைத் தாங்க மட்டும் இல்லை; அதன் கைதான் சில்லின் மேல் இணைப்பும். டெலிஸ்கோப் வகை பூட்டப்போகிறோம் என்று அதைக் கழற்றி எறிந்தால் சில்லைப் பிடிக்க மேலே ஒன்றும் இருக்காது. அது இருந்தபடி இருக்க, கிற்றில் வருகிற புதிதைப் பக்கத்தில் சேர்க்கவேண்டும். முன்சில்லு திரும்புகிற தண்டின் கீழ்நுனியில் மரையிட்ட திருகுமுனை இருக்கிறதே, அதுதான் மைனரின் உயிர்நாடி. 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் துப்பாக்கி வைத்தால் ஆயுசு முழுக்க ஓடும். வைக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒருநாள் சில்லு மடங்கிப் படுத்துவிடும். நான் ஞாயிறு காலை கிறீஸ் துப்பாக்கியோடு வண்டிக்குக் கீழே போவதை வீட்டில் எல்லாரும் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

இப்படி மாற்றலாமா, அசலைக் கெடுத்துவிட்டாய் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அசல் திருகுக்கும் அசல் வயருக்கும் உயிரைக் கொடுப்பவர்கள்மேல் எனக்கு மதிப்புண்டு. அவர்கள் இல்லாவிட்டால் எது அசல் என்றே எங்களுக்குத் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்து மைனர் ஒன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வந்ததல்ல. கிடைத்ததைக் கொண்டு, தேவைக்கு ஏற்ப, கைகள் மாற்றி மாற்றித்தான் அதை இவ்வளவு காலம் ஓட்டிக்கொண்டு வந்தன. செப்புக் குழாய் பூட்டிய கையின் வேலையைத்தான் நாங்கள் டிஸ்க் பிறேக்கோடு தொடர்கிறோம். ஓடாமல் அசலாக நிற்பதைவிட, நம்பி ஏறக்கூடியதாக ஓடுவதே வண்டிக்கு மரியாதை. செப்புக் குழாயும் அடைப்பானும் பழைய இடத்திலேயே இருக்கின்றன, பித்தளை மினுக்கி.

நிறத்தில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. இருக்கைக்குக் கீழே வெயில் படாத ஒரு சாண் இடத்தில் பழைய பச்சை அப்படியே இருந்தது. அல்மன்ட் கிறீன். சாம்பலும் பச்சையும் கலந்த, கண்ணை உறுத்தாத நிறம். அதற்கு ஒத்ததாகவே கலந்தோம். காலையில் ஒரு நிறம், வெயில் ஏறும்போது ஒரு நிறம், மம்மல் நேரத்தில் இன்னொரு நிறம். சேசிஸின் பெட்டிக் குழாய்களுக்குள் மெழுகு பாய்ச்சினோம். கழிவொயிலை அடியில் பூசுகிற பழக்கம் எங்களூரில் உண்டு. அது மண்ணைப் பிடித்து வைக்கிறது, நாய்க்கும் பூனைக்கும் ஒட்டுகிறது, எனக்குப் பிடிக்காது. பெட்டித் தரைக்குத் தகட்டின் மேலே பலாப்பலகை போட்டோம். அது கொம்பனி சொல்லாத வேலை, ஆனால் பாருங்கள் எவ்வளவு வடிவென்று!

ஓட்டிப் பார்க்கவேண்டும் நீங்கள். சொக்கை இழுத்து, ஸ்ராட்டர் கைப்பிடியை இழுத்தால் எஞ்சின் ஒரு தரம் செருமிவிட்டு ஓடத் தொடங்கும். முதல் கியரில் ஒரு சங்கீத முனகல், அது மைனருக்கே உரியது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. கியர்க் கம்பி கையில் வெண்ணெயாக விழும். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சருக்குள் ‘பொர்ர்ர்’ என்று ஒரு சிரிப்பு. தெருவில் நிற்கிற வயதானவர்கள் பார்க்காமலே “மைனர் வருது” என்று சொல்லுவார்கள். பண்ணை வீதியில் இரண்டு பக்கமும் கடல், இரண்டு கண்ணாடியும் திறந்து, ஊர்காவற்றுறை நோக்கி அறுபதில் போனால் அந்த வண்டிக்கு அதுதான் அளவு. ஸ்ரியறிங் பல்லும் சட்டமுமாக நேரடியாகப் பேசும். தெருவில் கிடக்கிற கல் எந்தச் சில்லில் ஏறியது என்று உள்ளங்கைக்குத் தெரியும். இறங்கிக் கதவை மூடினால் ‘டப்’ என்று மூடும். கறள் தின்ற கதவு அப்படி மூடுவதைக் கேட்க நான் சும்மா சும்மா திறந்து மூடுவதுண்டு.

சும்மா நிற்க விடவில்லை. வெங்காயக் காலத்தில் வெங்காயம், மாம்பழக் காலத்தில் மாம்பழம், ஆலயத் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலுக்குக் கிடாரம். நாலைந்து மூட்டை ஏற்றினால்தான் பின் ஸ்பிரிங் சரியாக இருந்து ஓட்டம் இன்னும் மெத்தென்று வரும். சுமைக்கென்று பிறந்த வண்டி சுமையோடு போவதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. பெரியப்பா முன்னிருக்கையில் ஏறினால் முதலில் டாஷ்போட்டைத் தடவுவார், பிறகு “கெதியாய் எடடா, சந்தை கலையப்போகுது” என்பார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 தொடக்கம் வரை இலங்கையில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. வளவு மூலைகளில் கிடந்தவற்றையும் ஆட்கள் தேடத் தொடங்கினார்கள். இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டதே, இனி இந்தக் கறள் இரும்பு எதற்கு என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் வளவில், மாமா வளவில், பக்கத்து வீட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு மைனர் பிக்கப் நின்றால் ஸ்குறூ டிறைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். பின் ஸ்பிரிங் கொளுவும் இடத்தில் குத்திப் பாருங்கள். கூட்டின் பின்மூலைகளில் குத்துங்கள். முன்சில்லைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஒயில் கம்பியை இழுத்து முகர்ந்து பாருங்கள். எல்லாம் மோசம் என்று தெரிந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, பதிவுப் புத்தகமும் அந்த ஸ்ரீ இலக்கமும் இருக்கிறதா என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மிச்சம் எல்லாவற்றையும் செய்யலாம். செய்ய நேரமில்லை, இரும்புக்குத்தான் கொடுக்கப்போகிறோம் என்றால், தயவுசெய்து, நிறுக்கிறவர் வர முதல் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. கயிறும் உழவு இயந்திரமும் கொண்டு நானே வருகிறேன்.